ஞாபகம் இருப்பவர்கள் மட்டும் உள்ளே வரவும்

முதியோர் நினைவாற்றல் புத்துயிர்ப்பு மற்றும் மூளைத் தூண்டல் உயர் ஆய்வு நிலையம் என்பது அந்தக் கட்டடத்தின் பெயர். பலகை செய்யச் சொன்ன மகானுபாவர் பெயரை அளந்தாரே தவிர சுவரை அளக்கவில்லை. அதனால் 'உயர் ஆய்வு' வரைக்கும் முன்பக்கச் சுவரிலும், மிச்சமிருந்த 'நிலையம்' மூலை திரும்பி சைக்கிள் ஷெட் பக்கமாகவும் போயிருந்தது. முன்வாசலில் நின்று படிப்பவருக்கு அது என்ன இடம் என்று கடைசிவரை தெரியாது. பக்கத்துச் சந்தில் நிற்பவருக்கு நிலையம் என்பது மட்டும் தெரியும். பஸ் நிலையம் என்று நினைத்து அங்கே மூட்டை முடிச்சோடு காத்திருந்தவர்கள் உண்டு.

உள்ளே செய்வதாகச் சொன்ன காரியம் நல்ல காரியம்தான். வயதானவர்களின் தலையில் ஈரப் பஞ்சு வைத்த தொப்பியை மாட்டி, மண்டைக்கு வெளியிலிருந்தே மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துவார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை, மாத்திரை இல்லை. தூங்கி வழிகிற நரம்புகளை இப்படித் தட்டி எழுப்பினால் மறந்தது கொஞ்சம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், இன்னும் பார்க்கவேண்டும் என்று இதே வேலையை மற்ற இடங்களில் அடக்கமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். இந்த நிலையத்தில் அடக்கம் என்கிற சாமான் கையிருப்பில் இல்லை. 'மறதியை வழியனுப்பி வைப்போம்' என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். மறதியை இல்லாவிட்டாலும் மறதிக்காரர்களை வழியனுப்பி வைத்தார்கள் என்பது பின்னால்தான் தெரியும்.

டிரைவர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். வாழ்நாள் பூராவும் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும். மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தவர். ஊரில் பாதிப் பேருடைய நம்பர் அந்த அம்மாளின் நாக்கு நுனியில் இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அடுப்பைப் பற்ற வைத்தால் பற்ற வைத்தது மறந்துவிடுகிறது. பால் வாங்கப் போன ஒருநாள், வேறு தெருவில் யாரோ வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டுக்காரர்களையே "யாருங்க வேணும் உங்களுக்கு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பதில் தெரியாத கேள்வி வந்தால் மட்டும் அவர் கலங்கமாட்டார். பழைய எக்ஸ்சேஞ்சுக் குரல் தானாக வந்துவிடும். "லைன் பிஸியா இருக்குங்க, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார்.

இவர்களுக்கு ஒரே மகள். வெளியூரில் பெரிய உத்தியோகம், தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயசு. அப்பாவுக்கு இன்னமும் பாப்பாதான்.

"அப்பா, அம்மாவை ஒரு நல்ல ஹோம்ல சேத்துடலாம். நீங்க ஒத்தை ஆளா எத்தனை நாளைக்குப் பாத்துப்பீங்க?" என்று பாப்பா போனில் கேட்டாள்.

"அதெல்லாம் வேணாம் பாப்பா. இங்க தலைக்கு லேசா கரெண்ட் வெச்சுச் சரி பண்றாங்களாம். அதையும் பாத்துடுவோமே."

"சரி. நான் லீவுல வர்றேன். அதுக்குள்ள ஏதாவது முன்னேற்றம் தெரிஞ்சா பாக்கலாம். இல்லைன்னா நான் சொல்றதைக் கேக்கணும். அடம் பிடிக்கக் கூடாது."

டிரைவர் சரியென்று சொன்னார். சொல்லிவிட்டு, அடுப்படியில் நின்று அணைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் தோளைத் தொட்டார். இவளை யாரோ முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுவிட்டு இந்த வீட்டில் தனியாக இருப்பதா, அது செத்தாலும் நடக்காது என்று நினைத்துக்கொண்டார்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் முதல் நாள், அடுப்பு, பால் என்று டிரைவர் சொன்ன கதையையெல்லாம் கேட்டுக்கொண்டு, அந்த அம்மாளுக்கு ஒரு வார்த்தை சொன்னாள்.

"குடை. அடுத்த வாரம் இதே நாள், இதே நேரம் வந்து இந்த வார்த்தையைச் சொல்லணும். சொன்னாத்தான் சேத்துக்குவோம். எழுதி வெச்சுக்கக் கூடாது. கூட வர்றவங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது."

"எழுதி வெச்சுக்கிட்டா என்னம்மா?" என்றார் டிரைவர்.

"எழுதினா அது பேப்பரோட ஞாபகம் சார். பேப்பருக்கு நாங்க வைத்தியம் பாக்கறதில்ல."

இதற்கு அங்கே 'துணையற்ற நினைவு நெறி' என்று பெயர். நினைவை வளர்க்கும் இடத்தில் எழுதி வைப்பது தன்மானத்துக்கு இழுக்கு என்று இயக்குநர் கருதியதால், கட்டடத்துக்குள் யாரும் எதையும் எழுதக் கூடாது. குப்பைக் கூடையில்கூடக் காகிதம் கிடையாது. எந்த அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கதவில் எழுதவில்லை. ஆகவே அதிகாரிகளே இரண்டு மூன்று கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தங்கள் அறைக்குப் போவார்கள். கழிப்பறைச் சாவியை எங்கே வைத்தோம் என்று யாருக்கும் ஞாபகம் வராமல் போய், ஊழியர்கள் எல்லாரும் எதிர்த்த டீக்கடைக்காரர் தயவில் காலம் தள்ளினார்கள்.

அடுத்த வாரம் டிரைவர் மனைவியைத் தலைவாரிக் கூட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. விதி என்றால் விதி. சிவப்பு விளக்கை ஒரு நாளும் தாண்டாத மனுஷன்.

"சொல்லுங்கம்மா, போன வாரம் என்ன வார்த்தை சொன்னேன்?"

அம்மாள் அவளை உற்றுப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் தெளிந்தது.

"லைன் பிஸியா இருக்குங்க. கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."

"தப்பு. அடுத்தவங்க வரலாம்."

"அம்மா, அம்மா, ஒரு நிமிஷம். குடைம்மா! குடைன்னுதானே சொன்னீங்க. அவளுக்கு வாயில வரலை, அவ்வளவுதான்" என்று டிரைவர் பதறினார்.

அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல்முறையாக அவளுடைய முகத்தில் சிரிப்பு வந்தது.

"கரெக்டா சொல்லிட்டீங்களே சார்! நாளும் சரி, நேரமும் சரி, வார்த்தையும் சரி. உங்களைச் சேத்துக்கறோம். ஒருங்கிணைப்பாளரைப் பாருங்க."

"எனக்கு எதுக்கும்மா? எனக்கு ஞாபகம் நல்லாத்தானே இருக்கு."

"அதனாலதான் சார்."

ஒருங்கிணைப்பாளர் என்பவர் கழுத்துப்பட்டை இறுக்கிக் கட்டிய, எதையும் விளக்கிச் சொல்வதில் அலாதி இன்பம் காணும் மனிதர். டிரைவரை உட்கார வைத்து, அம்மாளுக்கு மூலையில் ஒரு ஸ்டூலைக் காட்டினார்.

"ஆரம்பத்துல நாங்களும் மறதிக்காரங்களைத்தான் சேத்தோம், பெரியவரே. அதைப் போல ஒரு தப்பு உலகத்துல கிடையாது. பாதிப் பேர் வர மறந்துட்டாங்க. மீதிப் பேர் வந்துட்டுப் போனதை மறந்துட்டுத் திரும்பவும் வந்து எப்ப ஆரம்பிப்பீங்கன்னு கேட்டாங்க. ஒருத்தர் தொப்பியோடயே வீட்டுக்குப் போயிட்டார். பேரனோட பொம்மைன்னு நினைச்சு அதைக் கழுவிக் காயப் போட்டிருந்தாங்க. எங்க ரிசல்ட் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க! மானம் கப்பல் ஏறிடுச்சு."

"ஐயோ பாவம்" என்றார் டிரைவர். யாரைச் சொன்னார் என்பதை ஒருங்கிணைப்பாளர் கவனிக்கவில்லை.

"அப்புறம்தான் இயக்குநருக்கு ஒரு யோசனை உதிச்சுது. நல்ல ஞாபகம் இருக்கறவங்களை மட்டும் எடுத்தா என்ன? எடுத்தோம். இப்ப வெற்றி விகிதம் தொண்ணூத்து நாலு சதவீதம். மீதி ஆறு பேரு செத்துப் போயிட்டாங்க, அதுக்கு நாம பொறுப்பில்ல."

"அப்ப என் வீட்டுக்காரிக்கு?"

"வழி இருக்கு. குடும்ப ஒதுக்கீடு. நீங்க பயிற்சியை முடிச்சு, அமோகமான முன்னேற்றம் காட்டினா, உங்க துணையைச் சேத்துக்கச் சொல்லி இயக்குநரே நிறைவு விழாவுல அறிவிப்பார்."

வேலிக்குப் போட்ட முள் காலில் குத்தும் என்று டிரைவருக்கு அப்போது தெரியவில்லை. ஒப்புக்கொண்டார்.

"ஒரு சின்ன சிக்கல்" என்று ஒருங்கிணைப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "உங்க ஞாபகம் இப்பவே நூத்துக்கு நூறா இருந்தா, நாங்க எங்க முன்னேத்தறது? அதனால முதல் பரீட்சையில கொஞ்சம் மறந்துடுங்க."

"எதைங்க?"

"அது உங்க இஷ்டம். நாங்க தலையிட மாட்டோம். ஆராய்ச்சி நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல."

பரீட்சை உடனே நடந்தது. மறப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது, அது டிரைவரிடம் சுத்தமாக இல்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் வாய் முந்திக்கொண்டு கிழமையைச் சொல்லிவிடும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றால், ரொட்டி, அதிலும் ஒரு பக்கம் கருகினது என்று விவரமாக வந்துவிடும். ஓட்டின கடைசி பஸ்ஸின் நம்பரைக் கேட்டார்கள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமைகூட வந்தது. ஒருங்கிணைப்பாளர் பேனா இல்லாத கையால் மேசையைத் தட்டினார்.

"பெரியவரே, நீங்க ஒழுங்கா மறக்க மாட்டேங்கறீங்க. இப்படியே போனா உங்க வீட்டம்மாவுக்கு ஒதுக்கீடும் இல்லை, ஒண்ணும் இல்லை. இது கடைசிக் கேள்வி. இதுக்குத்தான் மார்க் ஜாஸ்தி. இதையாவது மறங்க. உங்க மனைவி பேர் என்ன?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். ஸ்டூலில் அவர் மனைவி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, கேள்வி காதில் விழுந்ததும், பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை டிரைவர் கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டு வருகிறார். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார், பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொல்லியிருக்கிறார். இந்த ஓர் இடத்தில் அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு வழி பிறக்கும்.

"ஞாபகம் இல்லைங்க" என்றார்.

அம்மாள் எழுந்து வந்தார். அவருடைய முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. டிரைவரின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"பரவாயில்லைங்க. வயசானா அப்படித்தான். நான் கூடவே இருக்கேன், பயப்படாதீங்க" என்றார்.

"அபாரம்!" என்றார் ஒருங்கிணைப்பாளர். "இந்த மாதிரி மறதியை நாங்க இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

திரும்பி வரும்போது சாலையைக் கடக்கிற இடத்தில் அம்மாள் அவருடைய கையைப் பிடித்து, "பாத்து வாங்க, வண்டி வருது" என்று அழைத்து வந்தார். தெருமுனைக்கு வருவதற்குள் எதற்காகப் பிடித்தோம் என்பது அம்மாளுக்கு மறந்துவிட்டது. ஆனால் கையை விடவில்லை. டிரைவருக்கு அழுகை வந்தது, தெருவென்றும் பார்க்காமல் அழுதார்.

அதற்கப்புறம் தொப்பி. பெரிய கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஈரத் தொப்பியும் ஒயர்களுமாக ஒரு முதியவர். ஆரம்பிக்கும் முன் எல்லாரும் எழுந்து நின்று, "மறக்க மாட்டேன், மறப்பவரோடு சேர மாட்டேன்" என்று உறுதிமொழி சொல்லவேண்டும். அங்கே சேர்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தால் மறதி என்கிற வியாதியே உலகத்தில் இல்லை என்று தோன்றும். ஒரு கணக்கு வாத்தியார் தன்னிடம் படித்த அத்தனை பேருடைய அரைப் பரீட்சை மார்க்கையும் கேட்காமலே ஒப்பித்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்த பாட்டி, கல்யாணமான புதிதில் நாத்தனார் சொன்ன குத்தல் பேச்சைத் தேதியோடு வைத்திருந்தார். இவர் ஞாபகம் இன்னும் கொஞ்சம் மேம்பட்டால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன என்று டிரைவருக்குப் பயமாக இருந்தது.

இயக்குநர் ஒருநாள் கூடத்துக்கு வந்து உரை நிகழ்த்தினார். மூன்றாவது கதவில்தான் கூடம் கிடைத்தது என்பதால் கொஞ்சம் தாமதம்.

"மறதி வியாதி இல்லை, நண்பர்களே. மறதி ஒரு ஒழுக்கக்கேடு. வியாதிக்காரனுக்கு இரக்கம் காட்டலாம், ஒழுக்கம் கெட்டவனுக்குக் காட்ட முடியுமா? அதனால்தான் இந்த நிலையத்தில் மறதிக்கு நாங்கள் இடமே கொடுப்பதில்லை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும்!" என்று முழங்கினார். கணக்கு வாத்தியார் இதையே போன தடவையும் சொன்னார் என்று ஞாபகமாக எடுத்துச் சொன்னார்.

தொப்பிகளில் பாதியில்தான் நிஜ மின்சாரம் வரும். மீதிப் பாதி வெறும் தொப்பி. யாருக்கு நிஜம், யாருக்குப் பொய் என்று தெரியாமல் வைத்தால்தான் மின்சாரத்தால் பலனா, மனப்பிராந்தியா என்று ஒப்பிட முடியும். எல்லா இடத்திலும் வழக்கம்தான். இங்கேயும் செய்தார்கள், ஆனால் துணையற்ற நினைவு நெறிப்படி செய்தார்கள்.

"எனக்கு வர்றது நெஜ கரெண்ட்டா தம்பி?" என்று தொப்பி மாட்டுகிறவரை டிரைவர் கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார். இயக்குநருக்கு மட்டும்தான் தெரியும். எழுதினா வெளிய போயிடும்னு மனசுலயே வெச்சிருக்கார்."

"அவரைக் கேட்டுப் பாக்கறதுதானே?"

"ஆரம்பத்துல கேட்டேன், ரகசியம்னார். போன மாசம் கேட்டேன், எந்த ரகசியம்னார்."

அம்மாள் கூடத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தலையில் ஒயரோடு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் அவருக்கு எக்ஸ்சேஞ்சு ஞாபகம். அங்கே எல்லாரும் டூட்டியில் இருக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மெதுவாக டிரைவரிடம் குனிந்து கேட்டார்.

"ஏங்க, இவ்வளவு பேரு உக்காந்திருக்காங்க, ஒருத்தர்கூடப் பேச மாட்டேங்கறாங்களே. லைன் செத்துப் போச்சா?"

டிரைவருக்கு மனசு தாங்கவில்லை. "தம்பி, எனக்குப் பதிலா இவ தலையில கொஞ்ச நேரம் மாட்டி விடேன். யார் பாக்கப் போறாங்க?" என்று தொப்பிக்காரரிடம் கெஞ்சினார். தொப்பிக்காரரும் இளகின மனசுக்காரர். கழற்றி அம்மாளின் தலைக்குக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்துத் தன் அறையைத் தேடிக்கொண்டு வந்த ஒருங்கிணைப்பாளர் அலறிவிட்டார்.

"ஐயய்யோ! என்ன காரியம் பண்றீங்க? நெஜமாவே மறதி உள்ளவங்களுக்கு மாட்டினா தொப்பியோட பேர் என்ன ஆகறது?"

இறுதிப் பரீட்சையில் டிரைவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசிக் கேள்வி வந்ததும் மனைவி பெயரைப் பக்கத்து அறைக்குக் கேட்கும்படி சொன்னார். ஒருதரம் கேட்டதற்கு மூன்றுதரம் சொன்னார். ஒருங்கிணைப்பாளர் எழுந்து நின்று கைகுலுக்கி, விழா மேடையில் நீங்கள்தான் நட்சத்திரம் என்றார்.

பாப்பா லீவில் வந்திறங்கினாள். அம்மா அவளைப் பார்த்துவிட்டு, "யாருங்க வேணும்?" என்று கேட்டதும் அவள் முகம் வாடிப்போயிற்று. டிரைவர் அவளை உட்காரவிடவில்லை. "நாளைக்கு விழாவுக்கு வா. அம்மாவைச் சேத்துக்கறதா மேடையிலயே சொல்லப் போறாங்க. அப்புறம் பேசு" என்றார். அந்தச் சந்தோஷத்தில் இஸ்திரி போட்ட சட்டையை முதல்நாளே எடுத்து வைத்தார்.

விழாவுக்குத் தலைமை தாங்கியவர் அரசின் சுகாதாரத் துறைச் செயலாளர். அவர் தூங்காமல் இருக்கிறார் என்பதே நிலையத்துக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. டிரைவரை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பாப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் இருந்தார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த மனிதர் எங்களிடம் வந்தபோது எப்படி வந்தார் தெரியுமா? அடுப்பைப் பற்ற வைத்தால் அணைக்கத் தெரியாது! பால் வாங்கப் போனால் வீட்டுக்கு வழி தெரியாது! அதெல்லாம்கூடப் போகட்டும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தாலி கட்டிய மனைவியின் பெயர், அது தெரியாது! ஒரு நடைப்பிணம், ஐயா, நடைப்பிணம்!"

டிரைவர் எழுந்து, "அது நான் இல்லைங்க, அது" என்று ஆரம்பித்தார். ஒருங்கிணைப்பாளர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். முன்வரிசையில் பாப்பா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இன்று? பெரியவரே, உங்கள் மனைவி பெயர் என்ன?"

டிரைவர் சொன்னார். கூடம் அதிரக் கைதட்டினார்கள். அம்மாளும் கைதட்டினார், அது யாருடைய பெயர் என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டே.

மைக் கிட்டே வந்ததைப் பார்த்து டிரைவர் விடவில்லை. "ஐயா, குடும்ப ஒதுக்கீடுன்னு சொன்னாங்க. என் வீட்டுக்காரியைச் சேத்துக்கணும். அதுக்காகத்தான் நான் இவ்வளவும்."

"தாராளமாக!" என்றார் இயக்குநர். "இந்த நிமிஷமே சேர்த்துக்கொள்கிறோம். அவர்களுக்கு முதல் நாள் கொடுத்த வார்த்தையை மட்டும் சொல்லட்டும்."

மைக்கை அம்மாளிடம் நீட்டினார்கள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, வாய்க்கு எவ்வளவு தூரத்தில் பிடிக்கவேண்டுமோ அவ்வளவு தூரத்தில் பிடித்தார். "நம்பர் ப்ளீஸ்" என்றார். குரல் கணீரென்று இருந்தது.

இயக்குநர் உதட்டைப் பிதுக்கி, கையை விரித்தார். விதியை மீறினால் விஞ்ஞானம் என்ன ஆவது என்று கேட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் செயலாளருக்கு ஏதாவது கேட்டுவைப்போம் என்று தோன்றியது. "ரொம்ப நல்லது. இதுல இவருக்குக் கொடுத்தது நிஜ மின்சாரமா, பொய்த் தொப்பியா? மொத்தத்துல யார் யாருக்கு எது?"

இயக்குநர் வாயைத் திறந்தார். மூடினார். கூரையைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் தன் காலைப் பார்த்தார். தொப்பிக்காரர் கதவைப் பார்த்தார். அம்மாளுக்கு மட்டும் அந்த மௌனம் பழகின மௌனம். மைக் இன்னும் அவருடைய கையில்தான் இருந்தது.

"லைன் கிடைக்கலைங்க" என்றார் பரிவோடு. "அப்புறமா ட்ரை பண்ணுங்க."

சபை குலுங்கிச் சிரித்தது. ஆனால் இயக்குநர் லேசுப்பட்ட ஆளா? சிரிப்பு அடங்குவதற்குள் நெஞ்சை நிமிர்த்திவிட்டார்.

"நான் மறக்கவில்லை, ஐயா. நினைவை அப்புறப்படுத்தினேன்! யாருக்கு எது என்று எனக்குத் தெரிந்திருந்தால் என்னையறியாமல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பேன். இப்போது எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது, இனி யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. இதைவிட நடுநிலையான ஆராய்ச்சியை உலகத்தில் எங்கேயாவது காட்டுங்கள் பார்ப்போம்!"

செயலாளர் எழுந்து நின்று கைதட்டினார். நிலையத்துக்கு இன்னொரு மாடி கட்டிக்கொள்ள அங்கேயே அனுமதி கிடைத்தது.

வாசலில் டிரைவர் மகளைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா, அதெல்லாம் கட்டுக்கதை. நான் வேணும்னேதான் மறந்த மாதிரி சொன்னேன். அப்படிச் சொன்னாத்தான் அம்மாவைச் சேத்துக்குவோம்னாங்க."

"யாராவது வேணும்னு பொண்டாட்டி பேரை மறப்பாங்களாப்பா?" என்றாள் பாப்பா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "போன்ல ஒரு வார்த்தை சொன்னீங்களா? அடுப்பை அணைக்காம விட்டது அம்மான்னுதானே நினைச்சிட்டிருந்தேன்."

"அம்மாதாம்மா! அது அம்மாதான்!"

பாப்பா நேரே இயக்குநரிடம் போனாள். அவர் மாலையைக் கழற்றிக்கொண்டே நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"நடிச்சதா சொல்றாரா? அதுதாம்மா அடுத்த கட்டம். மறந்ததையே மறந்துடறது. இப்ப ஞாபகம் இருக்குன்னா அது எங்க தொப்பியால. பயிற்சி முடிஞ்சு போச்சு, தொப்பி இனிமே இல்ல. அப்புறம் எப்படி இருப்பார்னு நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது. இவங்க ரெண்டு பேரையும் தனியா விடாதீங்க. ஒரு விஞ்ஞானியா சொல்லல, உங்க அண்ணன் மாதிரி சொல்றேன்."

டிரைவர் கிழமை சொல்லிப் பார்த்தார். பஸ் நம்பர் சொல்லிப் பார்த்தார். பாப்பா பிறந்தபோது அவள் என்ன எடை இருந்தாள் என்றுகூடச் சொன்னார். சொல்லச் சொல்ல மகளுக்கு அழுகை அதிகமாயிற்றே தவிர நம்பிக்கை வரவில்லை. தொப்பியின் வீரியம் எவ்வளவு சீக்கிரம் இறங்கிவிடுமோ என்றுதான் அவள் பயந்தாள். கெட்ட பெண் இல்லை அவள். மேடையும் மாலையும் செயலாளரும் சேர்ந்து ஒரு பொய்யைச் சொன்னால், தனி ஆளாக அப்பா சொல்கிற உண்மை எந்த மூலைக்கு?

லீவு முடிவதற்குள் வீட்டைப் பூட்டினார்கள். ஹோமில் ஜன்னல் உள்ள அறையாகப் பார்த்து இரண்டு கட்டில் போட்டுக் கொடுத்தாள் பாப்பா. மனைவியைத் தனியாக விடமாட்டேன் என்று டிரைவர் சபதம் போட்டிருந்தார் அல்லவா, அந்த மட்டுக்கும் நிறைவேறிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் நிலையத்தின் விளம்பரம் ஒட்டியிருந்தது. அதில் தொப்பியோடு டிரைவர் சிரித்துக்கொண்டிருந்தார், 'பெயர் மறந்தவர் பெற்ற மறுவாழ்வு' என்ற எழுத்துக்குக் கீழே. அதைப் பார்த்துவிட்டு அங்கிருக்கும் நர்ஸ் ஒவ்வொரு வேளையும் அவரிடம் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, "இது சோறு, தாத்தா" என்று சொல்லிப் பரிமாறுவாள். அவர் மறுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். மறுத்தால் அதையும் வியாதிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

காலையில் அம்மாள் விழித்ததும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் மனிதரைப் பார்ப்பார். யாரென்று தெரியாது. ஆனால் எதற்கோ காத்திருக்கிற ஆள் என்பது தெரியும்.

"நம்பர் ப்ளீஸ்" என்பார்.

டிரைவர் தங்கள் வீட்டு நம்பரைச் சொல்வார். ஓர் எண்கூடத் தப்பாது.

அம்மாள் விரலால் கட்டில் விளிம்பைத் தட்டி இணைப்புக் கொடுப்பார். காதில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்பார். அவசரமே படமாட்டார். பிறகு அவர் பக்கம் திரும்புவார்.

"ரிங் போயிட்டே இருக்குங்க" என்பார். "வீட்ல யாரும் இல்ல போலிருக்கு."